பால் கவரும் மைக்காவும்

அண்ணனின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வயர்லெஸ் பெட்டியில், சூடாகும் ட்ரான்சிஸ்டருக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவே பால் கவரை நறுக்கி வைத்த அறிவாளி நான்தான். அண்ணன் மகள் தன் கட்டுரையில் "குடும்பத்தில் ஒருவர்" என்று நாகரிகமாக எழுதியிருக்கிறாள். அந்த ஒருவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது, சிதம்பரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார், இன்னும் திருந்தவில்லை.

அண்ணன் பிறந்ததும் சிதம்பரத்தில்தான், ரயிலடிப் பக்கம். அப்பா தவறியபோது அவர் பள்ளிக்கூடத்தை விட்டு, ரேடியோ பழுது பார்க்கும் கடையில் சேர்ந்தார். பிறகு கடலூரில் ஒரு தொழிற்சாலையின் மின்பிரிவில் வேலை கிடைத்தது, முதுநகரில் குடியேறினார். எங்களையெல்லாம் ஆளாக்கியது அந்த வேலை. அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, புயல் அடித்துப் போன் செத்துப்போகும் நாட்களில் வயர்லெஸ்ஸில் ஊருக்கு ஊர் செய்தி வாங்கிச் சொல்வார். யாரிடமும் அவர் குரலை உயர்த்திப் பேசியதில்லை. குடும்பத்துக்கு வேண்டிய சத்தத்தை நான் போட்டுக்கொண்டிருந்தேன்.

நன்றி சொல்வது கட்டுரையின் கடைசியில் என்பது முறை. எனக்கு ஞாபகமறதி, இப்போதே சொல்லிவிடுகிறேன். போன மாசியில், காலைக் காபிக்குப் பிறகு நாற்காலியில் சாய்ந்தபடியே அண்ணன் எங்களை விட்டுப் போனார். ஓடிவந்து தூக்கிய பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும், பண்ருட்டியிலிருந்தும் வடலூரிலிருந்தும் வந்து நின்ற ரேடியோ நண்பர்களுக்கும், கடைசிவரை மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்குகிறாரா என்று வாயைப் பார்த்த அண்ணிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இனி பால் கவர்.

அண்ணன் என்னை ரேடியோ பரீட்சை எழுத வைத்து, ஒருவழியாகத் தேற வைத்து, வயர்லெஸ் பெட்டி ஒன்றைப் பாகம் பாகமாக, கிட்டாக வாங்கிக் கொடுத்தார். "நீயே பூட்டுடா, அப்பத்தான் கை வரும்" என்றார். பூட்டினேன். அதோடு மெல்லிய கண்ணாடித் தாள் போல ஒன்று வந்திருந்தது. பேக்கிங் என்று நினைத்துக் குப்பையில் போட்டேன். அது மைக்கா என்கிற காக்காப்பொன் தாள். அது இல்லாமல் ட்ரான்சிஸ்டரைத் தகட்டில் முடுக்கினால் ஃபியூஸ் போனது. பால் கவரை வைத்தேன், ஃபியூஸ் போகாமல் நின்றது. என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் பேச ஆரம்பித்துச் சிறிது நேரத்துக்கெல்லாம் ட்ரான்சிஸ்டர் கருகியது. மாற்றினேன், அதுவும் கருகியது.

அந்தச் சமயம் பார்த்துப் புயல் வந்தது. புயல் கரை கடந்த மறுநாள் காலை, போன் கொஞ்சம் உயிரோடு இருந்தபோது அண்ணனைப் பிடித்தேன்.

"அண்ணா, மறுபடியும் ட்ரான்சிஸ்டர் போயிடுச்சு. இன்னும் ஒண்ணுதான் கையில இருக்கு."

"நடுவுல என்னா வச்ச?"

நான் வாயைத் திறப்பதற்குள் லைன் அறுந்தது. இந்த ஒருமுறை போன் கம்பெனி என் மானத்தைக் காப்பாற்றியது. ஆனால் அதன் பிறகு போன் வரவேயில்லை. கரண்டும் இல்லை. முற்பகலில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. முழங்கால் அளவோடு நின்றது. நானும் மனைவியும் மாடிக்கு ஏறிவிட்டோம். ஆபத்து ஒன்றுமில்லை. அது அண்ணனுக்குத் தெரிய வேண்டுமே.

பேட்டரியில் பெட்டியைப் போட்டேன். கருகியது அனுப்பும் ட்ரான்சிஸ்டர்தான்; அனுப்ப முடியாது, கேட்க முடியும். கேட்டது.

"தம்பி, உங்க பக்கம் தண்ணி பூந்துடுச்சுன்னு சொல்றாங்க. பதில் சொல்லு."

சொல்ல முடியவில்லை. கொஞ்சம் விட்டு மறுபடியும் கூப்பிட்டார். அவர் குரலில் முதல்முறையாக ஒரு நடுக்கம் இருந்தது. பின்னாலிருந்து அண்ணியின் குரலும் மைக்கில் விழுந்தது.

"சாவிய எதுக்கு எடுக்கறீங்க? நெஞ்சுல ஸ்டென்ட்ட வச்சிக்கிட்டு ஸ்கூட்டர்ல சிதம்பரம் போவப் போறீங்களா?"

"மதியம் வரைக்கும் பாப்பேன். அவன் பேசலன்னா போறேன்."

வெள்ளாற்றுக்கு அந்தப்புறம், கடலூரிலிருந்து வரும் சாலைக்கு மேல் தண்ணீர் ஓடுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் காலையில்தான் சொல்லியிருந்தார். அண்ணன் போகிறேன் என்றால் போகிறவர். பெட்டியைப் பிடித்து, "வராத அண்ணா!" என்று கத்தினேன். செத்த ட்ரான்சிஸ்டரிடம் கத்தி என்ன பயன்? கீழ்வீட்டு நாய் குரைத்ததுதான் மிச்சம்.

அண்ணன் விடவில்லை. பதில் வராத ஆளிடம் பொறுமையாகப் பேசத் தொடங்கினார்.

"நீ கேட்டுக்கிட்டுதான் இருப்ப. நான் பேசறது கேக்குதுன்னா ஏரியல் நல்லா இருக்கு, அதை நோண்டாத. மைக்காவத் தூக்கிப் போட்டிருப்ப, எனக்குத் தெரியும். பேப்பரோ பிளாஸ்டிக்கோ வச்சிருப்ப. அது கரண்டத் தடுக்கும், சூட்டையும் சேத்துத் தடுக்கும். மைக்கான்னா கரண்ட மட்டும் தடுத்து, சூட்டத் தகட்டுக்கு விட்டுடும். வெந்து போவாம என்னா செய்யும்? பழைய அயர்ன் பாக்ஸ் இருந்தா தொற. உள்ள எலிமென்ட்டச் சுத்தி மைக்கா இருக்கும்."

பீரோவுக்கு அடியிலிருந்து அயர்ன் பாக்ஸை இழுத்தேன். மனைவி குறுக்கே வந்தாள்.

"அது எங்கம்மா குடுத்தது. அதுலயா கை வைக்கறீங்க?"

"அண்ணன் கேக்கறாரு."

"உங்கண்ணன் கேட்டா சரி. நீங்க தொட வேணாம். ஸ்க்ரூ டிரைவரக் குடுங்க."

அவளே கழற்றினாள். தாள் தாளாக மைக்கா. ஒன்றை அளவாக வெட்டித் துளையும் போட்டாள். கரண்ட் இல்லாததால் ஈயம் பற்றவைக்கும் கோலின் முனையைக் கேஸ் அடுப்பில் காட்டிச் சூடேற்றினேன். கருகியதை எடுத்துவிட்டு, மைக்காவை நடுவில் கொடுத்து, கடைசி ட்ரான்சிஸ்டரை வைத்து ஈயம் வைத்தேன். இது போனால் வேறு கிடையாது. அதற்குள் ரேடியோவில் அண்ணன் குரல்: "ட்ரான்சிஸ்டருக்குக் கரண்ட் விடற பயாஸ் ஸ்க்ரூவ முழுசா குறைச்சு வச்சிட்டு ஆரம்பி. அவசரப்படாத." கொஞ்சம் கழித்து, "மணி பன்னண்டு ஆவுது. நான் ஹெல்மெட்ட எடுக்கறேன்" என்றார். அவசரப்படாதே என்றவரும் அவரேதான்.

ஸ்க்ரூவைக் குறைத்தேன். பொத்தானை அழுத்தி, மீட்டரைப் பார்த்துக்கொண்டே மயிரிழை மயிரிழையாக ஏற்றினேன். முள் ஏறி ஓரிடத்தில் நின்றது. அலுமினியத் தகட்டில் விரலை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. சூடு தகட்டுக்கு வந்துவிட்டது என்றால் ட்ரான்சிஸ்டர் பிழைத்துவிட்டது.

மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டு, ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடிக்குக் கூவிய தொண்டையை முழுதாகத் திறந்தேன்.

"அண்ணா! நாங்க மாடியில இருக்கோம்! நல்லா இருக்கோம்! நீ வராத! சாவிய அண்ணி கையில குடு! கேக்குதா அண்ணா? அண்ணா, கேக்குதா?"

பொத்தானை விட்டேன். இரைச்சல்தான் வந்தது. மனைவி, திறந்து கிடந்த அயர்ன் பாக்ஸை மடியில் வைத்தபடி ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெல்மெட்டைக் கீழே வைக்கும் சத்தம் முதலில் வந்தது. பிறகு அவர், எப்போதும் போலத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"கத்தாதடா, கேக்குது."