சும்மா விட்ட குட்டை

செய்தி வந்தபோது என் இரண்டு கைகளும் ஈரம். வாரந்தோறும் நடக்கும் வேலைதான். குட்டையில் வலை வீசி, சிக்கிய இறால்களை எடை போட்டுக்கொண்டிருந்தேன். போன் கரையில், தீவன மூட்டையின் மேல் கிடந்தது. அமுதாதான் எடுத்தாள். முனிரத்தினத்தின் பண்ணையில் கணவனோடு தங்கி, இறாலுக்குத் தீவனம் கலந்து போடுகிறவள். கேட்டாள். "ஆங்" என்றாள். பிறகு போனை என்னிடம் தராமல் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டு சொன்னாள்:

"சேகரண்ணன் பூட்டாரு மேடம்."

தராசுத் தட்டில் இறால்கள் துள்ளிக்கொண்டிருந்தன. எண் நிற்கவில்லை. நிற்கட்டும் என்று காத்திருந்தேன். ஏன் காத்திருந்தேன் என்று தெரியவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு வரி. சேகர், சத்தியவேடு பக்கத்து ஊர்க்காரர். வீட்டில் தமிழ், பண்ணையில் தெலுங்கு, எண்ணுக்கு இங்கிலீஷ். இறால் தீவனத்தில் சேர்க்கும் வைட்டமின், தாதுக் கலவைகளைச் செய்யும் எங்கள் சிறிய நிறுவனத்தின் விற்பனையாளர். கலவையைச் செய்வது நான். விற்பது அவர். பண்ணைக்காரர்கள் எல்லாவற்றையும் மருந்து என்றே சொல்வார்கள். அவரும் திருத்தியதில்லை.

அவரிடம் ஒரு நிபந்தனை இருந்தது. யார் வாங்கினாலும் ஒரு குட்டையைச் சும்மா விட வேண்டும். அதற்குத் தீவனம் உண்டு, கலவை கிடையாது. அந்தக் குட்டையின் நடைப்பாலத்தில் அவரே ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு வருவார்.

முதன்முதலாக அவரோடு முனிரத்தினத்தின் பண்ணைக்குப் போன காலை. முனிரத்தினம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கே நின்றார்.

"ஏமண்டி சேகர், உன் மருந்து நல்லதுன்னா ஒண்ணுத்துக்கு மட்டும் ஏன் பட்டினி? நல்லது இல்லன்னா எனக்கு ஏன் விக்கற?"

"பட்டினி இல்ல நைனா. சோறு போடு. ஊறுகா மட்டும் வேணாம்."

"நாலு புள்ள பெத்து, மூணுக்கு மட்டும் ஊறுகா வெப்பாளா எவளாவது?"

"வெச்சாதான தெரியும், புள்ள வளந்தது சோத்தாலயா ஊறுகாயாலயான்னு."

முனிரத்தினம் துப்பினார். சிரித்தார். ஒரு குட்டையைக் காட்டினார். சேகர் பையிலிருந்து துணியை எடுத்தார். விற்பனையாளர் ஒருவர் தன் சரக்கை வாங்காமலிருக்க ஒரு குட்டையைக் கெஞ்சிப் பெறுவதை அன்றுதான் பார்த்தேன்.

திரும்பும் வழியில் வண்டியில் வாதாடினேன். பல்கலைக்கழகத்தில் படித்ததையெல்லாம் கொட்டினேன். ஒரு குட்டை ஒன்றையும் நிரூபிக்காது. மண் வேறு, நீர் வேறு, ஒரு குட்டைக்கும் அடுத்ததற்கும் ஆயிரம் வித்தியாசம். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"கரெக்ட்டு மேடம். ஒரு குட்ட போதாது. ஆனா அது கூட இல்லன்னா நீயும் நானும் வாயாலதான் எறால் வளக்கணும்."

அந்த முறை முனிரத்தினத்தின் குட்டைகளுக்குப் போனது நான் தனியாக உருவாக்கிய முதல் கலவை. பூண்டுச் சாறும் தாதுக்களும் சேர்ந்தது. பசையில் குழைத்துத் தீவனத்தின் மேல் பூசி, நிழலில் உலர்த்திப் போட வேண்டும். வேலையில் நான் இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்தக் கலவை நிலைத்தால்தான் நானும் நிலைப்பேன். எல்லோருக்கும் அது தெரியும். சேகருக்கும்.

நாட்கள் போயின. வலை வீசினோம், எடை போட்டோம். கலவை போட்ட குட்டைகளில் இறால் நன்றாக வளர்ந்தது. சிவப்புத் துணி கட்டிய குட்டையிலும் அதே அளவு நன்றாக வளர்ந்தது.

திருப்பதியில் முகவர்கள் கூட்டம். கலவையை அறிமுகப்படுத்தும் நாள். மேலாளர் சேகரைத் தனியே அழைத்து, கலவை போட்ட குட்டைகளைப் பற்றி மட்டும் பேசினால் போதும் என்றார். அது பொய்யாகவும் இருக்காது. சேகர் மேடையேறினார். வளர்ச்சியைச் சொன்னார். முகவர்கள் தலையாட்டினார்கள். பிறகு, "சும்மா வுட்ட குட்டையும் அதே வளர்த்திதான்" என்றார். அதையே தெலுங்கிலும் சொன்னார், யாருக்கும் புரியாமல் போய்விடக் கூடாதென்பதுபோல. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தேநீர் வந்தது. அறிமுகம் தள்ளிவைக்கப்பட்டது.

அதன் பிறகு அவரோடு நான் பேசவில்லை. அவர் பேசினார். நான் தலையசைத்தேன்.

ஒரு மதியம் என் மேசைக்கு வந்து நின்றார். "கெளம்பு மேடம். ஒரு வாசன கீது, நீ மோந்து பாக்கணும்."

பண்ணைக்குப் போனோம். நேராகச் சிவப்புத் துணிக் குட்டைக்கு நடந்தார். இறால் எவ்வளவு தின்கிறது என்று பார்க்கத் தீவனத்தோடு நீருக்குள் இறக்கும் தட்டு ஒன்று உண்டு. அப்போதுதான் இறக்கியிருந்தார்கள். அவர் அதைத் தூக்கி என் மூக்கருகே நீட்டினார்.

பூண்டு.

கலவையே போகக் கூடாத குட்டையில், என் கலவையின் வாசனை.

அமுதா தீவன வாளியோடு வந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் நின்றாள்.

"இன்னாம்மா அமுதா, இதுக்கும் போடறியா?"

அவள் மறைக்கவில்லை. "ஆமாண்ணா. மத்ததுக்கெல்லாம் போட்டுக்கினு இத மட்டும் எப்டி வுடறது? பாவம்ண்ணா. பக்கத்துக் குட்டைல வாசன வருது, அதுங்களுக்குத் தெரியாதா?"

"எத்தினி நாளா?"

"மொதல்லேர்ந்து."

சேகர் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கோபம் என்று நினைத்தேன். தோள்கள் குலுங்கின. சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் நீர் வரும்வரை. முனிரத்தினத்திடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் என்னிடம் சொன்னார். பிறகு அவரே முனிரத்தினத்திடம் போனார். கலக்கும் முறையைத் தான் சரியாக விளக்கவில்லை, பரிசோதனை கெட்டுவிட்டது என்றார். அமுதாவின் பெயர் வரவில்லை.

அடுத்த கூட்டத்தில் மறுபடி மேடை. அன்று சொன்னதை இன்று திரும்பப் பெற எழுந்து நிற்பது எளிதல்ல. "போன தடவ நான் சொன்னது செல்லாது. மருந்து வேல செய்யலன்னு இல்ல. செய்யுதுன்னும் இல்ல. எனக்குத் தெரியல. இன்னொரு தடவ பாக்கலாம்." அவ்வளவுதான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஒரு முகவர் மட்டும், "நுவ்வு அம்மேவாடிவா, ஆபேவாடிவா?" என்றார். நீ விற்கிறவனா, நிறுத்துகிறவனா?

"ரெண்டும்" என்றார் சேகர்.

அடுத்த வளர்ப்புக்கு அவர் ஒரு மாற்றம் செய்தார். சும்மா விடும் குட்டையின் தீவனத்துக்கும் பசை பூசச் சொன்னார், வெறும் பசை. அறிவியல்படியும் அதுதான் சரி. பசையாலேயே ஏதாவது நடந்தால் அதுவும் தெரிந்துவிடும். ஆனால் அவர் அதை அமுதாவுக்காகச் செய்தார். "அவ கையால அதுக்கும் எதுனா ஒண்ணு போடணும். இல்லன்னா மனசு கேக்காது." பூண்டு வாசனை வரக் கூடாது என்பதை அவளிடம் நேராகவே சொன்னார். அவள் யோசித்தாள். "எதுனா போடறோம் இல்ல, அது போதும்" என்றாள்.

அந்த முறை வித்தியாசம் தெரிந்தது. பெரிதாக அல்ல. வளர்ச்சியில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கலவை தின்ற இறால்களுக்குச் சட்டை உரித்த பிறகு புது ஓடு சீக்கிரம் கெட்டிப்பட்டது, சாவும் குறைந்தது. இன்னும் சில பண்ணைகளிலும் பார்த்தோம். அப்படித்தான் இருந்தது. பையின் மேல் அச்சிடுவதாக இருந்த 'அதிவேக வளர்ச்சி' போய், 'ஓடு கெட்டிப்பட உதவும்' என்று வந்தது. மேலாளருக்குப் பிடிக்கவில்லை. இன்றும் விற்கிறது. மெதுவாக. வாங்கியவர்கள் மீண்டும் வாங்குகிறார்கள். என் வேலை நிலைத்தது.

கடைசியாக அவரைப் பார்த்தது திருப்பதியில், அலிபிரி போகும் சாலையில், மருத்துவமனைக்குப் பக்கமென்று அவர் வீட்டார் எடுத்திருந்த வாடகை வீட்டில். புற்றுநோய் அவரைப் பாதியாக்கியிருந்தது. ஜன்னல் திண்டு முழுக்கப் புட்டிகள். பப்பாளி இலைச் சாறு, புரத மாவு, ஏதோ லேகியம், திருமலைத் தீர்த்தம். நான் போனபோது அமுதாவும் வந்திருந்தாள், கேழ்வரகுக் கூழோடு. ஒரு டம்ளரை முடித்து இன்னொன்றை வாங்கிக்கொண்டார். மருத்துவர் வேண்டாம் என்றதைத் தவிர எல்லாவற்றையும் குடித்தார்.

கேட்கக் கூடாது. ஆனாலும் கேட்டேன். "சேகர்ணா, இதுல எது வேல செய்யுதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

அவர் சிரித்தார். சிரிப்பு வலித்தது.

"நான் ஒரே குட்டதானே மேடம். எத சும்மா வுடறது?"

அமுதா டம்ளரை வாங்கிக் கழுவப் போனாள். அவர் குரலைத் தாழ்த்தினார். "அல்லாரும் பாவம்னுதான் கொணாந்து குடுக்கறாங்க. வேணான்னா அவங்களுக்கு ராத்திரி தூக்கம் வராது. துன்னுட்டுப் போறேன் வுடு."

செய்தி வந்த அன்று, கொஞ்ச நேரம் கழித்துத் தீவன வேளை வந்தது. இறால்களுக்குச் செய்தி தெரியாது. அமுதா முகம் கழுவிக்கொண்டு எழுந்தாள். வெறும் பசை பூசிய தீவனத்தை முதலில் எடுத்தாள். சிவப்புத் துணிக் குட்டைக்குத்தான் முதலில் போட்டாள். வெயிலில் துணி வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது. மாற்ற வேண்டும்.

அவருக்கு நன்றி எழுத உட்கார்ந்தால் அவர் குரலே குறுக்கே வருகிறது: எதோட வெச்சுப் பாத்துச் சொல்ற? அவரைச் சந்தித்திராத இன்னொரு நான் எங்கும் இல்லை. தெரியல என்று சபையில் எழுந்து சொல்ல எனக்கு வருகிறது. என் கலவைக்கு எதிராக ஒரு குட்டையைக் கேட்டு வாங்க வருகிறது. இவை அவரால் வந்தவை என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. நிரூபிக்க முடியாத நன்றியை அவர் முதல்முறையாக ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

இதுவரை எல்லாக் குட்டைக்கும் அவர் இருந்தார். இனி அவர் இல்லாமல் வரும் நாட்கள்தான் சும்மா விட்ட குட்டை. வித்தியாசம் இனித் தெரியும்.