பத்து நாள் செய்தி விரதம்

"பீடி, கள்ளு, காதல், ஒண்டும் என்னைப் பிடிச்சதில்லை. விடவேணும் எண்டால் தியாகராசா எதையும் அந்த நிமிஷமே விடுவான்!"

1986இல் ஷார்ஜாவின் ரோலா பகுதியில், மாடி அறையொன்றில் இப்படி முழங்கினார் தியாகராசா மாஸ்டர். குடியை விடமுடியாத கேம்ப்பில் தங்கி வேலைசெய்யும் தொழிலாளிகளைப் பேசித் தேற்றும் ஆற்றுப்படுத்தல் முறையை, அஞ்சல் வழியில் எம்.ஏ. படிக்கும் இருவருக்குக் கற்பித்துவந்தார். அதற்கொரு பயிற்சி: பிடித்த ஒன்றைப் பத்து நாள் விட்டு, மனம் படும் பாட்டைத் தினமும் எழுதவேண்டும். தவறினவர் நோயாளிகளைப் பார்க்கமுடியாது. இது மாஸ்டர் போட்ட சட்டம்.

வெங்கட்ராமன் மூக்குப்பொடியை விட்டான். பத்மாசனி தேத்தண்ணியை விட்டாள்.

"நீங்கள் எதை விடுறியள் சேர்?" என்றாள்.

மாஸ்டரின் வாய் சும்மா இருக்கவில்லை. "ஊர்ச் செய்தி கேக்கிற ரேடியோ!"

ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. ரேடியோ பேட்டரிகளைப் பக்கத்து அறை ஏரம்பிடம் ஒப்படைத்தார். "காலிலை விழுந்தாலும் தராதையும்!"

முதல் நாள் துவைத்த சட்டையையே மறுபடி துவைத்தார். மூன்றாம் நாள் கட்டிலைத் திருப்பிப் போட்டார். திருப்பின பிறகும் தூக்கம் வரவில்லை. ஐந்தாம் நாள் ஏரம்பின் ரேடியோ கேட்கும் சுவரோரம் நின்றார். சத்தம்தான் தன் காதுக்கு வந்ததேயொழிய, காது சத்தத்திடம் போகவில்லை என்பது அவர் கட்சி. ஆறாம் நாள் மாலை கதவைத் தட்டினார்.

"பேட்டரியைத் தாரும், தம்பி. இருட்டிலை அடிக்கிற ரோச் லைற்றுக்கு."

"அண்ணை, உங்களிட்டை ரோச் லைற் இருக்கே?"

"வாங்கப்போறன்!"

பத்து நாள் முடிந்து நடந்த வகுப்பில் வெங்கட்ராமனின் நோட்டு பத்து நாளும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில், மாசுமறுவின்றி இருந்தது. பத்மாசனியின் நாலாம் பக்கத்தில் ஒரே வரி: 'தேத்தண்ணி குடிச்சிட்டன். ரெண்டு கோப்பை.'

"இந்த வேலைக்காகத்தான் ரெண்டு வருஷம் படிச்சனான்," என்றாள், தலை நிமிராமல். "நோயாளியளைப் பாக்க என்னை விடமாட்டியளோ, சேர்?"

மாஸ்டர் எழுந்து ஜன்னல்வரை போனார், திரும்பினார், மறுபடி போனார். பிறகு தன் நோட்டில் வெறுமையாய்க் கிடந்த ஆறாம் பக்கத்தைத் திறந்து, பொய் சொல்லிப் பேட்டரி வாங்கிய கதையை எழுதினார். அதை அவள் முன்னால் வைத்துவிட்டு, பயிற்சிக்காக நோயாளிக்கென்று போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"இதுதான் உம்முடைய முதல் கேஸ், பிள்ளை. கேள்வியைத் தொடங்கும்."