லவோன் வேண்டாம் சொல்லாத வருஷம்

ஓரின் டாக்கெட் ஆர்கன்சாவில் கோழி வெட்டும் ஆலையொன்றில் இருபத்தெட்டு வருஷம் உழைத்தவன். சம்பளம் கைக்கும் வாய்க்கும் சரியாக இருந்தது. ஆனாலும் வருஷம் தவறாமல் பெண்டாட்டி லவோனைக் கூட்டிக்கொண்டு பக்கத்து மாநிலத்துச் சுற்றுலா ஊரான பிரான்சனுக்குப் போய், ஏரி தெரிகிற அறையில் மூன்று ராத்திரி தங்கிவிட்டு வருவான். தொண்ணூற்றொன்பது டாலர்தான். பதிலுக்கு ஒரு நாள் காலையில் விடுதிக்காரன் பேச்சைக் கேட்க வேண்டும். விடுதி அறை வருஷத்துக்கு ஒரு வாரம், ஆயுசுக்கும் சொந்தம், வாங்கு வாங்கு என்று இரண்டு மணி நேரம் கழுத்தறுப்பான். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே உட்கார்ந்திருக்க வேண்டும். கேட்டுவிட்டு வேண்டாம் என்று எழுந்து வரலாம். யாரும் அடிக்க மாட்டார்கள்.

அந்த வேண்டாம்தான் ஓரினுக்கு வாயில் வராது. எதிரே இருப்பவன் பிள்ளைகுட்டிக் கதை சொன்னால் இளகிப்போவான். அதனால் அது லவோன் வேலை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "காப்பி நல்லாருக்கு தம்பி. வாரம் எனக்கு வேணாம்" என்பாள். ஒன்பது வருஷத்தில் ஒன்பது பேரை அப்படிச் சாய்த்திருக்கிறாள்.

பத்தாவது வருஷம், மே மாதம், அவளுக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. கிறிஸ்துமஸ் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் இருவரையும் உட்காரவைத்தே சொன்னார். திரும்பும் வழியில் லவோன் தக்காளி நாற்று வாங்க வேண்டும் என்றாள். அதற்குப் பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. செப்டம்பரில், அறைக்குச் சொல்லியாயிற்று, போவோம் என்றாள். போனார்கள்.

இந்தத் தடவை பேச வந்த விடுதிக்காரன் பேர் கோல்பி. முப்பது வயசு இருக்கும். வாய் நிறையப் பல்.

"லவோன், இன்னும் பத்து வருஷத்துல நீங்க ரெண்டு பேரும் எங்கெல்லாம் போகணும்னு ஆசை?"

ஓரின் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தான்.

"நான் கடலே பார்த்ததில்ல" என்றாள் லவோன். "இவன் முப்பது வருஷமா கூட்டிட்டுப் போறான். ஒண்ணு வண்டி ஓடாது, இல்ல முதுகு புடிச்சுக்கும், இல்ல கோழி."

"கோழி செத்தாத்தானே எனக்குச் சம்பளம்" என்றான் ஓரின்.

"அதுங்களாவது உருப்படியா ஒரு வேலை செஞ்சுதுங்க."

கோல்பி விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் படங்களை விரித்தான். இங்கே வாங்குகிற வாரத்தைக் கடற்கரை விடுதிக்கு மாற்றிக்கொள்ளலாமாம். அவள் ஒவ்வொரு படமாகத் தொட்டுத் தொட்டுக் கேட்டாள். பால்கனி உண்டா, சத்தம் கேட்குமா, மணல் எப்படி இருக்கும். கையில் இருந்தது அவள் மருந்துக்கும் அடக்கத்துக்கும் ஒதுக்கிய பணம்.

"ஓரின், நீங்க என்ன சொல்றீங்க?"

வேண்டாம் என்றால் ஏன் என்பான். எதைச் சொன்னாலும் காரணம் ஒன்றுதான். அதை அவள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.

"அவ இஷ்டம்" என்றான்.

கையெழுத்துப் போட்டார்கள். ஒரு வாரம் விற்றாயிற்று என்று யாரோ மணி அடித்தார்கள். கூடத்தில் இருந்த முன்பின் தெரியாத ஜனம் எல்லாம் கை தட்டியது.

வாங்கினவர்கள் இருவரும் கையெழுத்திட்டு ஐந்து நாளுக்குள் எழுதிப் போட்டால் ரத்து செய்துகொள்ளலாம் என்று பத்திரத்தின் கடைசியில் பொடி எழுத்தில் இருந்தது. நாலாம் நாள், வீட்டில் அவள் தூங்குகிற நேரம் பார்த்து ஓரின் சமையலறை மேசையில் உட்கார்ந்தான். எங்களுக்கு வேண்டாம், அவ்வளவுதான் எழுதினான். கீழே தன் பேரைப் போட்டான். பிறகு அவள் மாதிரியே சாய்த்து அவள் பேரையும் போட்டான். நாற்பத்தொரு வருஷத்தில் அவளுக்குத் தெரியாமல் அவன் எதுவும் செய்ததில்லை. போஸ்ட் ஆபீசில் பதிவுத் தபாலாகக் கொடுத்து ரசீதைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்தான்.

அவள் விழித்திருந்தாள். மடியில் விடுதிப் படங்கள்.

"எங்க போன?"

"பெட்ரோல் போட."

"ஏப்ரலா மேயா? ஏப்ரல்ல கூட்டம் இருக்காதாம்."

"ஏப்ரல்."

"அப்ப அந்தப் பல்லனுக்குப் போன் போட்டுச் சொல்லிடு. நல்ல அறையெல்லாம் போயிடும்."

ஓரின் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். எண் எதையும் அழுத்தாமல் காதில் வைத்துக்கொண்டான்.

"கோல்பியா? ஓரின் டாக்கெட் பேசறேன். ஏப்ரல், ரெண்டாவது வாரம். கடல் பார்த்த அறை."

"கீழ்த்தளமான்னு கேளு" என்றாள் அவள் உள்ளேயிருந்து. "என்னால படி ஏற முடியாது."

"கீழ்த்தளம்" என்றான். கொஞ்ச நேரம் பதில் கேட்பவன் மாதிரி நின்றான். "ஆமா, ரெண்டு பேர்தான்."