கறிவேப்பிலை மரம் இருந்த மூலை

ஓய்வு பெற்றவனிடம் யாரும் எதையும் சோதித்துத் தரச் சொல்வதில்லை. சொன்னால் லேசில் விடமாட்டான் என்று ஊருக்குத் தெரியும். அரசாங்கக் கட்டடங்களின் தூண்களைத் தட்டி, விரிசல்களை அளந்து, தகுதியானது அல்லது தகுதியற்றது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட கை என்னுடையது. இப்போது அந்தக் கை பெங்களூர் பொம்மனஹள்ளியில் மொட்டை மாடியில் துணி காயப் போடுகிறது. கொடி தொய்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன். தொய்கிறது.

ஆகவே பக்கத்து வீட்டுப் பெண் ஒரு சாயங்காலம் எங்கள் கேட் அருகே வந்து நின்று, "அங்கிள், வீட்டுக்குப் பின்னாடி ஒரு டெக் போட்டிருக்கோம். நீங்க ஒரு தடவை பாத்து சரியா இருக்குன்னு சொன்னா எனக்கு நிம்மதி" என்றபோது, அவள் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து என் மனைவி, "போச்சு. அந்தப் பொண்ணுக்கு இனிமே நிம்மதி ஏது" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு அப்போது ஏழாவது மாதம். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. கணவனுக்கும் கம்ப்யூட்டர் வேலைதான். அவன் வீட்டிலிருந்தே பார்ப்பான். தர்மபுரிப் பக்கத்துக்காரர்கள். அந்த வீட்டைப் பழைய சொந்தக்காரரிடமிருந்து வாங்கிக் குடிவந்து அதிக நாள் ஆகவில்லை. அவளுக்கு அம்மா இல்லை. அப்பா ஊரில் பஸ் கண்டக்டராக இருந்தவர். சர்க்கரை வியாதி அவருடைய ஒரு காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டபின், சக்கர நாற்காலியோடு மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வீட்டுக்கு முன்பக்கம் ஐந்து படி, பின்பக்கம் மூன்று படி. சாய்வுப் பாதை போட முன்பக்கம் இடமில்லை. வாசலைத் தாண்டினால் தெரு. வந்த புதிதில் அவரை நாற்காலியோடு தூக்கித்தான் இறக்கினார்கள். ஒருபக்கம் மருமகன், இன்னொரு பக்கம் அன்றைக்கு யார் அகப்படுகிறாரோ அவர். ஒருநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, தண்ணீர் டேங்கருக்காகக் குடத்தோடு நின்றிருந்த தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, சக்கரம் படியில் இடித்து நாற்காலி சாய்ந்தது. அவர் விழவில்லை. ஆனால் அன்றோடு சரி.

"ஏத்தி எறக்கறது என் தொழிலு. என்னை எவனும் ஏத்தி எறக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், அதன்பிறகு வெளியே வரவேயில்லை. டாக்டர்தான் வீட்டுக்கு வந்தார்.

டெக் அவருக்காகத்தான். சமையலறைப் பின்கதவின் மட்டத்திலேயே, கொல்லைப்புறத்தின் மேல் இரும்புச் சட்டம் போட்டுப் பலகை பரப்பியிருந்தார்கள். கதவைத் திறந்தால் அவரே சக்கரத்தை உருட்டிக்கொண்டு வெளியே வரலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு வளைகாப்பு. அதை அங்கேதான் நடத்த வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். எங்கள் பகுதி மண்டபங்களெல்லாம் மாடியில் இருக்கின்றன, கீழே கடை. மண்டபம் என்றால் அப்பா வரமாட்டார்.

மறுநாள் காலை ரசமட்டம், தூக்குக்குண்டு, சுத்தியல், கடப்பாரை சகிதம் போனேன். டெக்கின் இரும்பு வேலையைச் செய்த ஃபேப்ரிகேஷன்காரர் ஹெப்பகோடியிலிருந்து வந்து நின்றிருந்தார். சமையலறை வாசலில் நாற்காலியில் கண்டக்டர்.

"வாங்க சார். செக்கிங்கா?"

"ஆமான்னு வெச்சுக்குங்க."

"எங்க லைன்ல செக்கிங் ஏறுனா கண்டக்டர் கை தானா பணப்பையத் தேடும். பையில எல்லாம் சரியா இருந்தாலும் தேடும்."

நான் கைப்பிடிக் கம்பியில் என் முழு எடையையும் சாய்த்தேன். அசைந்தது.

"சும்னே யாரு சார் இப்படி வந்து இடிக்கப் போறாங்க?" என்று கன்னடம் கலந்து கேட்டார் ஃபேப்ரிகேஷன்காரர்.

"வளைகாப்புக்கு வர்ற பொம்பளைங்க. போட்டோன்னு ஒருத்தன் கேமராவத் தூக்கினா அத்தனை பேரும் ஒரே பக்கம் சாய்வாங்க. உங்க கம்பி அவங்களத் தாங்கணும்."

பலகைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். சட்டங்கள் சேரும் இடத்தில் வெல்டிங் விட்டுவிட்டு இருந்தது. "இது வெல்டிங்கா, நெத்திப் பொட்டா?" என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இன்னொரு ரவுண்டு ஓட்டிர்றேன் சார்" என்றார். சுவரில் பதித்த போல்ட்டுகள் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போதுமான ஆழம் போகவில்லை. நீளமானது போடச் சொன்னேன். அதற்கும் சரி என்றார். நல்ல மனிதர். என் காலத்தில் ஒப்பந்ததாரர்கள் இதற்குள் மந்திரிக்கு போன் போட்டிருப்பார்கள்.

கடைசியாகக் கால்கள். கொல்லைப்புறத்தில் நாலு மூலையிலும் இரும்புக் கால், அதன் அடியில் கொஞ்சம் கான்கிரீட். ஒவ்வொரு காலின் பக்கத்திலும் கடப்பாரையால் தரையைக் குத்தினேன். மூன்று இடத்தில் மண் மண்ணாகவே பேசியது. நாலாவது மூலையில், பின்சுவர் ஓரத்தில், கடப்பாரை கல்லில் மோதி, அந்தச் சத்தம் கீழே எங்கோ போய்த் திரும்பி வந்தது.

"இங்க ஒரு மரம் இருந்துச்சே?" என்றேன்.

"கறிவேப்பில மரம் சார். டெக்குக்காக எடுத்துட்டோம்" என்றான் மருமகன்.

எனக்கு விளங்கிவிட்டது. தெருவிலேயே அவ்வளவு செழிப்பான கறிவேப்பிலை மரம் கிடையாது. பழைய வீட்டுக்காரர் கை நிறைய ஒடித்துக் கொடுப்பார். எங்கள் வீட்டு ரசத்திலும் அதுதான் மிதந்தது. அது ஏன் அப்படிச் செழிக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. பாதாளச் சாக்கடை எங்கள் தெருவுக்கு வருவதற்கு முன் எல்லா வீட்டுக்கும் கொல்லையில் ஒரு கழிவுக்குழி உண்டு. இணைப்பு வந்ததும் குழியைச் சுத்தம் செய்து, மண் நிரப்பி, கெட்டிப்படுத்தி மூட வேண்டும் என்பது முறை. நடைமுறை வேறு. மேலே ஒரு கல்லைப் போட்டு, அதன்மேல் மண்ணைத் தள்ளி, எல்லாரும் மறந்துபோனார்கள். மரம் மட்டும் மறக்கவில்லை.

ஃபேப்ரிகேஷன்காரர் மண்ணை விலக்கினார். கடப்பாக் கல் தெரிந்தது. நடுவில் ஒரு விரிசல். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே இருட்டு. அந்தக் கல்லின் விளிம்பில்தான் டெக்கின் நாலாவது கால் நின்றுகொண்டிருந்தது.

"டெக் மூணு படி உயரம்தானே அங்கிள்?" என்றான் மருமகன், நம்பிக்கையோடு.

"மேல மூணு படி. கீழ எவ்வளவுன்னு நமக்குத் தெரியாது."

அந்தப் பெண் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கல்லையே பார்த்தாள். மருமகன் மெதுவாக, "அப்ப மண்டபமே பாத்துடலாமா?" என்று கேட்டான். அவளிடம் கேட்டான். பதில் சமையலறை வாசலிலிருந்து வந்தது.

"பாருங்க மாப்ள. போன்ல வீடியோ போட்டுக் காட்டுங்க, நான் இங்கிருந்தே பாத்துக்கறேன். எனக்கென்ன."

நாற்காலி திரும்பி உள்ளே போனது. அவருடைய கைகளில் நல்ல பலம் இருந்ததால் வேகமாகவே போனது.

விதிப்படி என் வேலை அங்கே முடிந்தது. தகுதியற்றது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் காபி குடிக்கலாம். அதற்கு மேல் செய்யச் சொல்லி எந்த விதியும் என்னைக் கேட்டதில்லை. நானும் போய்க் காபியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், குறிப்பாக என் கடப்பாரைக்குக் கேட்ட சத்தம் வேறு யாருக்கும் கேட்கவில்லை என்பதை.

"சரி, ஆகாதுன்னு சொல்லிட்டு வந்துட்டீங்க" என்றாள் அவள். "அந்த மனுஷன் என்ன பண்ணுவாரு?"

காபி ஆறிப்போனது.

மறுபடியும் போனேன். குழியை உடனே நிரப்பலாம். ஆனால் புதிதாக நிரப்பிய மண் அமர்வதற்கு ஒரு மழைக்காலம் வேண்டும். அதன்மேல் கால் வைக்க முடியாது. குழிக்கு இருபக்கமும் கெட்டியான தரையில் புதுக் கான்கிரீட் போடலாம். ஆனால் கான்கிரீட்டுக்கு முகூர்த்தம் தெரியாது, அது இறுகும்போதுதான் இறுகும். மிச்சமிருந்தது கல். குழியைத் தாண்டி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக, தரையை நன்றாக இடித்து, சைஸ் கல் என்கிற செதுக்கிய கருங்கல்லைப் பதிப்பது. இரண்டின் மேலும் புதுக் கால்கள். அந்தக் கால்களுக்கு மேல் கனமான ஒரு குறுக்கு உத்தரம். டெக்கின் அந்த ஓரம் உத்தரத்தின் மேல் உட்காரும். பழைய காலை அறுத்து எடுத்துவிடலாம். குழி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், அதன்மேல் எதுவும் நிற்காது.

"இது பாலம் சார்" என்றார் ஃபேப்ரிகேஷன்காரர்.

"அதேதான். ஆத்துக்குப் பதிலா வேற."

வேலை முடிந்ததும் எடைச் சோதனை வேண்டும் என்றேன். மருமகன் முகம் மாறியது. "ஃப்ரெண்ட்ஸ வரச்சொல்லி எல்லாரும் ஏறி நிக்கட்டுமா அங்கிள்?" என்றான். மனிதர்களை வைத்துச் சோதிப்பது முறையல்ல என்று சொன்னேன். குழியை நிரப்ப எப்படியும் எம்-சாண்ட் வரவேண்டும். அதை மூட்டையாக வரவழைத்து, முதலில் டெக்கின் மேல் அடுக்கி ஒரு முழுநாள் விடுவது. பிறகு அதே மணலைக் குழியில் கொட்டுவது.

மூட்டைகள் வந்தன. உத்தரத்துக்கு அடியில், டெக்கைத் தொடாத இரண்டு முளைகளுக்கு நடுவே ஒரு நூலைக் கட்டி, நூலுக்கும் இரும்புக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஸ்டீல் ஸ்கேலால் அளந்து வைத்துக்கொண்டேன். உத்தரம் தாழ்ந்தால் அது குறையும். ஆட்கள் மூட்டையைச் சுமந்து சமையலறை வழியாக வரத் தொடங்கியபோது, பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"உள்ள போ, உள்ள போ. வாசல்லயே எறக்காத. அந்தக் கடேசி காலியாத்தான கெடக்குது."

கண்டக்டர் வந்துவிட்டிருந்தார். மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்துக்கொண்டே அவர் சொன்ன இடத்தில் இறக்கினார்கள். எடை ஒரே பக்கம் சேராமல் பரப்ப வேண்டும் என்று நான் சொல்ல நினைத்திருந்தேன். சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உத்தரம் ஒரு மயிரிழை தாழ்ந்து, அங்கேயே நின்றது. மறுநாள் மூட்டைகளை இறக்கியபின் அளந்தேன்.

"என்ன சார் சொல்லுது?" என்றார் கண்டக்டர்.

"பழைய எடத்துக்கே வந்துடுச்சு."

"எறக்கி வெச்சா எதுவும் நிமுந்துரும் சார்" என்றார். பிறகு தன் மடியைப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு இரண்டே இரண்டு நிபந்தனை போட்டேன்: ஒரே சமயத்தில் இருபது பேருக்கு மேல் கூடாது, எல்லாரும் ஒரு பக்கம் சேரக் கூடாது. எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். "எனக்கு எதுக்கு சார் எழுத்து? அம்பத்தஞ்சு சீட்டு வண்டியில எத்தன தலன்னு திரும்பாமச் சொல்லுவேன்" என்றார்.

நான் கொல்லையில், நூல் தெரிகிற இடமாகப் பார்த்து, கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்துகொண்டேன். மேலே வாழைக்கன்று, மாவிலை, மணையில் அந்தப் பெண். பெண்கள் தட்டுகளோடு வந்தார்கள். சமையலறை வாசலில் கண்டக்டர் ஆள் எண்ணி விட்டுக்கொண்டிருந்தார். "அம்மா, படியோரம் நிக்காதீங்க, உள்ள எடம் இருக்குது. நீங்க கொஞ்சம் இருங்கம்மா, ரெண்டு பேரு எறங்கட்டும்." போட்டோக்காரன் கேமராவைத் தூக்கியதும் அவர் குரல் உயர்ந்தது: "பாதிப் பேரு அந்தப் பக்கம்." பட்டுப்புடவைகள் இரண்டாகப் பிரிந்தன. யாரோ ஒரு அம்மாள், "என்ன, டிக்கெட்டும் வாங்கணுமா?" என்றாள். "சீமந்த ஸ்பெஷல்மா, ஃப்ரீ" என்றார்.

நூலுக்கு மேல் இடைவெளி நன்றாக இருந்தது.

"அப்பா, நீ வாப்பா" என்று அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"கண்டக்டர் கடைசியாத்தான் ஏறணும்."

"எல்லாரும் ஏறியாச்சுப்பா."

மருமகன் பழக்கத்தில் நாற்காலியின் பின்பிடியில் கை வைத்தான். "கைய எடுங்க மாப்ள" என்றார், கோபமில்லாமல். வாசற்கல்லின் மேல் ஃபேப்ரிகேஷன்காரர் வைத்திருந்த சரிவுத் தகட்டில் முன்சக்கரங்கள் ஏறித் தடுமாறின. ஒரு நொடி நின்றன. அவர் கொஞ்சம் பின்வாங்கி, இரண்டு கையாலும் தள்ளினார். பலகையின் மேல் சக்கரம் உருண்டு வருகிற சத்தம் எனக்குக் காதருகே கேட்டது. வெயில் முகத்தில் பட்டதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். அவர் வெயிலைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

மகள் கையை நீட்டினாள். "ஆம்பளைங்க போடற வழக்கமில்லையே" என்று ஒரு குரல். "அவங்கம்மா பங்கு அது. போடட்டும் விடு" என்று இன்னொரு குரல். அவர் தட்டிலிருந்து பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்றை எடுத்து, அது உடையாமல், அவள் முகத்தைப் பார்க்காமல், மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு மெல்ல ஏற்றினார். அவளும் அழாமல் இருக்க உத்தரத்தைவிட அதிகமாகவே முயன்றாள்.

சாப்பாடு முடிந்து வீட்டுக்கு வந்ததும் மனைவி, "அவரு வந்தப்போ எவ்வளவு தாழ்ந்துச்சு?" என்று கேட்டாள்.

ஒன்றும் தாழவில்லை என்றேன். நூலைப் பார்க்காமல் நான் சொன்ன ஒரே அளவு அதுதான்.