ஒல்லாந்தில் பிள்ளைக்கு ஓர் அறை

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். அவள் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறவள். பகல் முழுக்கச் சின்னஞ்சிறுசுகளின் அழுகையைக் கேட்டுவிட்டு வந்து என் கதையையும் கேட்கிறாள். "அம்மா, இதையும் எழுதட்டோ? உங்களுக்குத்தான் வெக்கம்," என்று இடையிடையே நிறுத்துகிறாள். எழுது பிள்ளை என்கிறேன். வெட்கம்தான். ஆனால் தொடக்கத்தில் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதையும் சேர்த்து எழுது.

பேத்திக்கு, இந்த மகளின் மகளுக்கு, ஒல்லாந்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. ஓரிடத்தில் அல்ல, இரண்டு இடத்தில். ஒன்று ஆம்ஸ்டர்டாம், மற்றது குரோனிங்கன். ஊரில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டையை நான் சிறுமியாக இருக்கும்போது வெளியில் நின்று பார்த்திருக்கிறேன். அவர்களுடைய ஊருக்குள்ளேயே போய் என் பேத்தி படிக்கப்போகிறாள் என்றதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. என்ன படிப்பு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தண்ணீரைப் பற்றியது. கடல் ஊருக்குள் ஏறாமல் பார்த்துக்கொள்கிற படிப்பு என்று கோயிலில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டுகிற எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். இங்கே கனடாவில் மெட்ரோ ரயிலில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கிரேக்கக் கிழவிக்கும் சொன்னேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவளுடைய பாஷை தெரியாது. இருந்தாலும் தலையாட்டினாள். நல்ல மனுஷி.

பேத்தி எனக்குக் கணினியைத் திறந்து படம் காட்டினாள்.

"அம்மம்மா, ஆம்ஸ்டர்டாம் எண்டா எங்கட டவுன்டவுன் மாதிரி. அங்கை அறை எடுக்கேலாது. குரோனிங்கன் வடக்கிலை தூரமாக் கிடக்கு. ஆனா மலிவு. சைக்கிள் ஒண்டு வாங்கினா எங்கையும் போகலாம்."

"மழை பெய்யாதோ?"

"பெய்யும். நனையிறதுதான்."

குரோனிங்கனில் ஒரு முழு அறைக்குக் கொடுக்கிற வாடகையை ஆம்ஸ்டர்டாமில் கொடுத்தால் படிக்கட்டுக்குக் கீழே கூடப் படுக்க விடமாட்டார்களாம். கடையில் பாண் விலை, முட்டை விலை எல்லாம் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான், அறைதான் ஆளைத் தின்னும் என்றாள். குரோனிங்கனில் மாணவர்கள் சேர்ந்து இருக்கிற ஒரு வீட்டில் அவளுக்கு ஒரு சின்ன அறையும் கிடைத்திருந்தது. யன்னலுக்கு வெளியே ஒரு வாய்க்கால். படத்தில் ஒரு தாரா வாத்துக் கூட நீந்தியது. மகளுக்கும் மருமகனுக்கும் அதுதான் சரியென்று பட்டது. மருமகனுக்கு ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் ஒரு களஞ்சியத்தில் வேலை. அதிகம் கதைக்காத மனுஷன், அன்றைக்கு மட்டும் "நல்ல அறை" என்று வாய் திறந்து சொன்னார்.

நான்தான் கெடுத்தேன்.

என்னுடைய சித்தப்பாவின் மகள் ஒல்லாந்தில் இருக்கிறாள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் போகிற ஒரு சின்ன ஊர். எனக்குத் தங்கை முறை. தங்கை ஒருத்தி அங்கே இருக்க, பேத்தி வடக்கே போய் வாடகை அறையில் கிடப்பதா? நாங்கள் இருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷனில் தமிழாட்கள் எல்லோரும் கேட்கமாட்டார்களா, ஏன் அங்கே உங்களுக்கு ஆட்கள் இல்லையோ என்று? நாங்கள் இங்கே வந்த காலத்தில் எங்களுடைய வீட்டு ஹோலில் எந்த நாளும் யாரோ ஒருவருடைய மெத்தை விரித்துக் கிடக்கும். அகதியாய் வந்து இறங்குகிறவன் விமான நிலையத்தில் சொல்லுகிற முகவரி எங்களுடையதாகத்தான் இருக்கும். ஒருத்தன் வந்தான், மாதக்கணக்காக இருந்தான், கறிக்கு உப்புக் கூடிப்போச்சு என்று தினமும் சொல்வான். இப்போது அவனுக்குப் பக்கத்து வில்லரேயில் பெரிய வீடு. என்னைக் கண்டால் கார் கதவைத் திறந்துவிடுவான். அது வேறு கதை.

இனி, எங்களுடைய ஆட்களிடம் ஒரு முறை இருக்கிறது. உன் வீட்டில் தங்கலாமோ என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. "பிள்ளை வருது" என்று மட்டும் சொல்வோம். மற்றவர் உடனே "எங்கட வீட்டிலைதான் நிக்கோணும்" என்பார். அதற்கு நாங்கள் "ஐயோ, உங்களுக்கேன் கரைச்சல், பிள்ளை வேற இடம் பாத்திட்டாள்" என்று சொல்லவேண்டும். அந்த மறுப்புக்கு அவர் என்ன சொல்கிறார், எவ்வளவு வேகமாகச் சொல்கிறார் என்பதில்தான் உண்மை இருக்கும். வசதி இல்லையென்றால் "அப்பிடியே, சரி, அப்ப சனி ஞாயிறிலை கட்டாயம் வரோணும்" என்று அழகாகக் கழன்றுகொள்வார். ஒருவருக்கும் மனவருத்தம் இல்லை.

நான் பேத்திக்கும் மகளுக்கும் தெரியாமல் தங்கைக்குப் போன் எடுத்தேன்.

"தங்கச்சி, பிள்ளை ஒல்லாந்துக்கு வருது."

"ஐயோ அக்கா, என்ன சந்தோஷம்! எங்கட வீட்டிலைதான் நிக்கோணும்."

"அது எனக்குத் தெரியும். நீ இருக்கேக்கை வேற எங்கை?"

அவ்வளவுதான். கரைச்சல் என்கிற சொல்லை நான் எடுக்கவேயில்லை. அவள் கழன்றுகொள்ள ஒரு வாசலையும் விடாமல் பூட்டிவிட்டு, பூட்டினதை நினைத்துச் சந்தோஷமும் பட்டேன். மறுபக்கத்தில் கொஞ்சம் சத்தமில்லாமல் இருந்தது. தொடர்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"பிள்ளையளுக்கு இஞ்சை ரெயின் சும்மா, அக்கா. என்ரை மகள் படிக்கேக்கை ஒரு சதம் குடுக்கேல்லை," என்று பிறகு அவள் சொன்னாள்.

வீடு சும்மா, ரயில் சும்மா. நான் மகளும் பேத்தியும் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்து கையைத் தட்டிக்கொண்டே அறிவித்தேன். பேத்தி என் முகத்தைப் பார்த்தாள், தாயின் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்லி முடித்துவிட்டேன், தங்கை ஒத்துக்கொண்டுவிட்டாள். இனிமேல் வேண்டாம் என்றால் அது அவமரியாதை. ஆம்ஸ்டர்டாம் படிப்புக்கு ஓம் சொல்லிவிட்டு, குரோனிங்கன் அறையை அவள் விட்டுவிட்டாள். அது ஒரு கிழமைக்குள் வேறு யாருக்கோ போய்விட்டதாம்.

ரயில் சும்மா என்பது அந்த நாட்டுப் பிள்ளைகளுக்குத்தான். கனடாவிலிருந்து போகிறவளுக்கு இல்லை. அது அவளுக்குப் போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. ஆனால் அதையும் அவள் எனக்குச் சொல்லவில்லை.

எனக்குச் சொன்னதெல்லாம் நல்ல செய்திதான். வீடியோவில் வருவாள், சிரிப்பாள், சாப்பிட்டேன் என்பாள். பின்னால் பெரிய பெரிய அலுமாரி, கூரை வரைக்கும் புத்தகம், மஞ்சள் விளக்கு. தங்கைக்கு இவ்வளவு பெரிய வீடா என்று நான் வாய்பிளந்தேன். தாய் தகப்பன் எழுத்துப் படிக்க விடாத வீட்டில் வளர்ந்த பெண்கள் நாங்கள் இரண்டு பேரும். அவள் வீட்டில் இப்படிப் புத்தகம்! மரக்கறி வெட்டுகிற இடத்தில் இதையும் சொன்னேன். ஒருத்தி, "அக்கா, உங்கட தங்கச்சி கடை ஏதும் வைச்சிருக்கிறாவோ?" என்று கேட்டாள். பொறாமை என்று நினைத்தேன்.

ஒருநாள் பேத்தி கதைத்துக்கொண்டிருக்க, பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து உதட்டில் விரல் வைத்துவிட்டுப் போனாள்.

"ஆரடி பிள்ளை அது? சின்னம்மம்மா வீட்டிலை வெள்ளைக்காரி வேலைக்கு நிக்கிறாளோ?"

பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. பிறகு அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது. போனைக் கையால் மூடிக்கொண்டு வெளியே போய், ஒரு படிக்கட்டில் இருந்துகொண்டு சொன்னாள்.

"அம்மம்மா, இது லைப்ரரி. மூடுமட்டும் நான் இஞ்சைதான் இருக்கிறனான். அங்கை எனக்கு இடமில்லை."

தங்கையின் மகளும் மருமகனும் கைக்குழந்தையோடு தாய் வீட்டுக்கே வந்துவிட்டார்களாம், அவர்களுக்கும் அந்த நாட்டில் வீடு கிடைக்காமல். இருக்கிறது இரண்டு அறை. பேத்தி ஹோலில் சோபாவில். தங்கையின் புருஷன் பூச்சந்தையில் வேலை, விடிய முன் எழும்புகிறவர். பேத்தி எழும்பிவிடுவாள் என்று அவர் லைட் போடாமல், தேத்தண்ணி வைக்காமல், இருட்டுக்குள் சப்பாத்தைத் தேடிப் போட்டுக்கொண்டு போவாராம். இவள் கண்ணை மூடிக்கொண்டு நித்திரை மாதிரிக் கிடப்பாளாம். இரண்டு பேருக்கும் ஒருவர் நடிப்பது மற்றவருக்குத் தெரியும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. அந்த நாட்டில் எந்த வீட்டில் இருக்கிறாயோ அந்த வீட்டில் இருக்கிறேன் என்று நகரசபையில் பதியவேண்டும். பதிந்தால்தான் மருத்துவர், வங்கி எல்லாம். தங்கையின் வீடு அரசாங்கம் வாடகைக்கு உதவி கொடுக்கிற வீடு. இன்னொரு பெரிய ஆள் பதிந்தால் அந்த உதவிக்கு என்ன ஆகுமோ என்று அவர்களுக்குப் பயம். பேத்தி கேட்கும்போதெல்லாம் "பேந்து பாப்பம் பிள்ளை" என்று தள்ளிப்போடுவாளாம் தங்கை, கண்ணைப் பார்க்காமல். பேத்தி கேட்பதை விட்டுவிட்டாள்.

"ஏனடி என்னட்டைச் சொல்லேல்லை?"

"நீங்கள் எவ்வளவு சந்தோஷமா இருந்தனீங்கள்."

அந்தக் கிழமை நான் கோயிலுக்குப் போகவில்லை. முழங்கால் நோ என்று சொன்னேன். முழங்கால் நோவும்தான், பொய்யில்லை. ஆனால் அதற்காகப் போகாமல் இருந்ததில்லை.

சாண்டாம் என்று ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்து ஊரில் அவளோடு படிக்கிற பெண் ஒருத்தி தன் அறையை விட்டுப் போகிறாளாம். பதியலாம். குரோனிங்கன் அறையைவிடச் சின்னது, வாடகை அதைவிட நன்றாகக் கூடுதல். மருமகன் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறேன் என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. அவர் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு நல்லாய் இருந்திருக்கும். வெள்ளிக்கிழமைக்குள் ஓமோ இல்லையோ சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அறை கைவிட்டுப் போய்விடும். ஆனால் வெளியேறுகிறேன் என்று பேத்தி வாயெடுத்தாலே தங்கை அழத் தொடங்கிவிடுகிறாளாம்: "அக்கா என்னைப் பற்றி என்ன நினைப்பா? ஒரு பிள்ளையை வைச்சுப் பாக்கத் தெரியாதவள் எண்டு கனடா முழுக்கச் சொல்லாதோ?"

நான் பூட்டின கதவை நான்தான் திறக்கவேண்டும். வியாழக்கிழமை எடுத்தேன். மகள் பக்கத்தில் இருந்தாள்.

"தங்கச்சி, பிள்ளைக்குத் தூரமாக் கிடக்காம். பக்கத்திலை ஒரு அறை பாத்திருக்கிறாள்."

"என்ன அக்கா தூரம்? ஒரு ரெயின்தானே. நாங்கள் இருக்க அறையோ?"

"உங்களுக்கும் கரைச்சல்தானே."

"கரைச்சலோ? அவள் எங்கட பிள்ளை. ஒரு கரைச்சலும் இல்லை."

காலம் தப்பிச் சொன்ன கரைச்சல் வேலை செய்யவில்லை. இடம் போதாதென்று எனக்குத் தெரியும் என்று சொல்லலாமா? சொன்னால் அவளுடைய வீட்டு நிலவரம் இங்கே வரைக்கும் வந்துவிட்டது என்று உடைந்துபோவாள். உதவிக் காசு விஷயத்தை நான் வாயில் எடுத்தால் அவ்வளவுதான். அவள் கோபித்துக்கொண்டு "கூட்டிக்கொண்டு போ" என்று சொல்லக்கூடிய ஒரு காரணம் வேண்டும். அது என்னுடைய குற்றமாக இருக்கவேண்டும், அவளுடையதாக அல்ல.

"உள்ளதைச் சொல்லுறன் தங்கச்சி. உன்ரை சாப்பாடு பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளேல்லை. உறைப்புமில்லை, உப்புமில்லை. பிள்ளை காஞ்சு போச்சுது."

மகள் என் கையைப் பிடித்து நுள்ளினாள். பச்சைப் பொய். பேத்திக்கு அங்கே போய்க் கன்னம் சதை வைத்திருக்கிறது. தங்கையின் கணவாய்க் கறிக்காக நாங்கள் சின்ன வயதில் அடிபட்டிருக்கிறோம்.

நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. இந்த முறை தொடர்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அப்பிடியே அக்கா," என்றாள். குரல் குளிர்ந்திருந்தது. "நான் இவ்வளவு பாடுபட்டுச் சமைச்சுக் குடுக்க, உங்களுக்குக் குறை. சரி. அப்ப உங்கட பிள்ளையை நல்ல சாப்பாடு கிடைக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ."

போனை வைத்துவிட்டாள். மகள் என் கையை விட்டாள். "என்னம்மா நீங்கள்?" என்றாள். பிறகு எழும்பிப்போய்ப் பேத்திக்கு, அந்த அறைக்கு ஓம் சொல்லச் சொல்லிச் செய்தி போட்டாள்.

பேத்தி இப்போது சாண்டாமில் இருக்கிறாள். அறையைக் காட்டினாள். கட்டிலில் இருந்து கை நீட்டினால் கதவு. ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போகிறாள். பெட்டி பெட்டியாகக் கட்டிக் கொடுத்துவிடுகிறாளாம், மிளகாய்த்தூளை இரட்டிப்பாகப் போட்டு. "உன்ரை அம்மம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பு" என்றும் சொல்கிறாளாம். படம் வருகிறது. சிவப்பாய் எரிந்துகொண்டு கிடக்கிறது கறி. ஆனால் என்னோடு கதைப்பதில்லை. பொங்கலுக்குப் போன் எடுத்தேன், அவளுடைய புருஷன்தான் எடுத்தார். அவ குளிக்கிறா என்றார். பிறகு "பிள்ளை சுகமா இருக்கிறாள், யோசிக்காதையுங்கோ" என்று மெல்லமாகச் சொன்னார்.

போன கிழமை ரொறன்ரோவிலிருந்து எங்களுடைய மச்சாள் ஒருத்தி எடுத்தாள். சுகம் கேட்கிற மாதிரித் தொடங்கினாள். எனக்குத் தெரியும் அவள் ஏன் எடுத்தாள் என்று.

"என்ன மச்சாள், ஒல்லாந்திலை பிள்ளையை வைச்சுப் பாத்தவளின்ரை சமையலைக் குறை சொன்னனீங்களாமே? அவள் அங்கை ஒரு கலியாண வீட்டிலை கண்ட ஆக்களிட்டை எல்லாம் சொல்லி அழுதாளாம். மெய்யோ?"

இடமில்லாத வீட்டில் பிள்ளையைத் திணித்தவள் நான் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் அந்த இடமில்லாத வீடும் சேர்ந்து வெளியே வரும். மகள் குசினியில் இருந்து தலையை நீட்டிப் பார்த்தாள்.

"ஓம் மச்சாள்," என்றேன். "சொன்னனான்."

"உங்களுக்கு வரவர வாய் நீண்டு போச்சு."

"ஓம்," என்றேன்.