இடப்பக்கத்து ஆள்

திண்டுக்கல்லில் வீட்டிலிருந்தபடியே ஒரு பெரிய மருந்துக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். அவர்களுடைய ஆராய்ச்சித் தரவுகள் பல நாடுகளில் சேகரித்தவை. ஒரே தொந்தரவை ஊருக்கு ஒரு சொல்லால் எழுதி வைத்திருப்பார்கள். இவையெல்லாம் ஒன்றுதான், இது இன்னதன் வகை என்று கணினிக்குப் புரியும்படி சொற்களுக்குள் உறவு ஏற்படுத்துவது என் வேலை. ஆன்டாலஜி என்பார்கள்.

போன கோடையில் கைநடுக்கத்துக்கான பழைய மருந்து ஒன்றின் சோதனைத் தரவுகள் வந்தன. அறைக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று அதைச் சாப்பிட்ட ஒருவர் சொல்லியிருந்தார். திரும்பினால் யாருமில்லை என்று இன்னொருவர். ஓரிடத்தில் அதைப் பதற்றம் என்றும் ஓரிடத்தில் தூக்கக்கேடு என்றும் பதிந்திருந்தார்கள். நான் எல்லாவற்றையும் 'அருகில் ஆள் இருக்கும் உணர்வு' என்ற ஒன்றின் கீழ் கொண்டுவந்தேன். எங்கெங்கோ சிதறிக் கிடந்தவர்கள் திரையில் ஒன்றாகக் கூடி நின்றார்கள்.

அடுத்த அறையில் அப்பா இருந்தார். ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டியவர். அவருக்கும் கைநடுக்கம், அதே வகை மாத்திரை. கொஞ்ச நாளாகவே, "வந்த ஆளுக்குத் தண்ணி குடு தாயி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மறதி என்றிருந்தோம்.

எழுந்து போய்க் கேட்டேன். "அப்பா, இங்க யாராச்சும் இருக்காகளா?"

"இருக்கான்ல. கிளீனர் பக்கம்."

லாரியில் கிளீனர் உட்காருவது இடப்பக்கம்.

"பயமா இருக்கா?"

"எதுக்குப் பயம்? பேச மாட்டான். சும்மா நிக்கிறான்."

மறுநாள் டாக்டரிடம் போக ஆட்டோ பிடித்தேன். அவருக்கு இடப்பக்கமாக ஏறப் போனேன். "அங்க ஆளிருக்கு தாயி, இந்தப் பக்கம் வா" என்றார். தாடிக்கொம்பு ரோடு முழுக்க அந்தக் காலி இடத்தைப் பார்க்காமல் வந்தேன்.

டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். "கை கொஞ்சம் கூடுதலா ஆடும். ஆனா இது நின்னுரும்" என்றார். இரண்டும் நடந்தன. டம்ளரை நான்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒரு மதியம் சாப்பாட்டுக்கு நடுவில் நிமிர்ந்து, "அவன எங்க அனுப்புனீக?" என்றார்.

"யாரும் அனுப்பலப்பா. மாத்திரையக் கொறச்சதுல போயிட்டான்."

"அம்புட்டு நாள் கூட இருந்தவன். சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல."

அதன்பின் சோறு இறங்கவில்லை அவருக்கு.

இப்போதும் புதிய தரவுகள் வரும்போது, நான் உருவாக்கிய அந்தச் சொல்லின் கீழ் யாராவது வந்து சேர்கிறார்கள். அப்பாவுக்கு ஊட்டிவிடும்போது வலப்பக்கமே உட்காருகிறேன். இன்னொரு பக்கம் போக மனசு வரவில்லை.