துரை உட்கார்ந்த நாற்காலி

அறுபதுகளின் தொடக்கத்தில் அன்னவாசலில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். என் மாமனார் அதைத் தொழில் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. பொன்னமராவதிப் பக்கம் நிலபுலத்தோடு இருந்தவர். "மாப்பிள்ளைக்கு என்ன, கொழாயைக் கட்டிக் கத்த விடுற வேலைதானே" என்பார். பிறந்த வீட்டுக்குப் போய்வரும்போதெல்லாம் என் மனைவியின் முகம் வாடியிருக்கும். அதனால் கொழுந்தியாள் கல்யாணத்துக்கு என் செட்டுதான் என்று முடிவானதும், அந்த ஒரு நாளில் மாமனார் வாயை அடைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது.

என் செட்டு பாட்டெல்லாம் நன்றாகத்தான் பாடும். பார்க்கத்தான் சகிக்காது. ஆம்ப்ளிஃபயர் ஒரு சாக்கின் மேல், பேட்டரி தரையில், ரிக்கார்ட் பிளேயர் யாராவது இரவல் கொடுத்த முக்காலியில். எல்லாவற்றையும் அடுக்கி வைக்க ஒரு ஸ்டாண்டு வேண்டும். ஆசாரியிடம் சொல்லிச் செய்ய வக்கில்லை. புதுக்கோட்டையில் பழைய சாமான் விற்கும் ராவுத்தர் கடைக்குப் போனேன்.

"இதைப் பாருங்க தம்பி, நல்ல தேக்கு. தொரை உக்காந்த நாற்காலி" என்றார்.

பெட்டி மாதிரி ஒரு நாற்காலி. உட்காரும் பலகையைத் தூக்கினால் நடுவில் வட்டமாக ஓட்டை. அடியில் கதவு போட்ட அறை. ஆம்ப்ளிஃபயரை அந்த அறையில் வைத்தால் வால்வுச் சூடு ஓட்டை வழியாக மேலே போய்விடும், ஒயரையும் அதிலேயே விட்டுக்கொள்ளலாம். ஓட்டை எதற்கு என்று ராவுத்தரிடம் நான் கேட்கவே இல்லை. நம் ஊர் வெயில் தாங்காமல் வெள்ளைக்காரத் துரை காற்றோட்டத்துக்கு வைத்திருப்பார் என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். சல்லிசாகக் கிடைத்த ஒரு புத்தக அலமாரியின் பலகையைக் கழற்றி, இரண்டு கைப்பிடிக்கும் குறுக்கே அடித்து, அதன்மேல் ரிக்கார்ட் பிளேயரை வைத்தேன். பார்த்தவர்களிடமெல்லாம் "தொரை உக்காந்தது" என்று பீற்றிக்கொண்டேன். என் மனைவியும் பிறந்த வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்தாள்.

கல்யாணத்தன்று மணவறைக்குப் பக்கத்திலேயே அதற்கு இடம் கொடுத்தார்கள். மாமனாரே வந்து பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தாலித் தட்டைப் பெரியவர்களிடம் கொண்டுபோய் ஆசி வாங்கி வந்த மாமியார், வைக்க இடம் தேடி, துப்புரவாக இருந்த என் பலகையின் மேல் வைத்தார்.

அப்போதுதான் மனைவியின் பெரியப்பா அங்கே வந்தார். மலையில் ஒரு துரை பங்களாவில் வெகுகாலம் பட்லராக இருந்தவர். குனிந்து ஓட்டையைப் பார்த்தார், கதவைத் திறந்து பார்த்தார். பிறகு என் காதோரம் வந்து மெதுவாகத்தான் கேட்டார்.

"ஏன் மாப்பிள்ளை, இது தொரை வெளிக்கிருக்குற நாற்காலியில்ல? இது மேலயா தாலியை வச்சிருக்கீங்க?"

என் கையில் மைக் இருந்தது. அதை அணைக்கவில்லை. வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய்கள் அவர் கேட்டதை ஊருக்கே சொல்லிவிட்டன.

நாயனம் நின்றுபோயிற்று. பந்தலில் யாரோ முதலில் சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் தட்டை வெடுக்கென்று தூக்கிக்கொண்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்துச் சுத்தி பண்ண ஓடினார். நல்லவேளை, கல்யாண மாப்பிள்ளையின் அப்பாவும் சிரித்தார், கல்யாணம் நிற்கவில்லை. மாமனார் மட்டும் சிரிக்காமல், "ரிக்கார்டைப் போடுங்க மாப்பிள்ளை" என்றார். அதட்டியிருந்தால்கூடத் தேவலை. முள்ளை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

சாயங்காலம் சாமான்களோடு வண்டியில் திரும்பினோம். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபம் என்று நினைத்து, "என்னாலதான் ஒனக்கு இந்தத் தலைகுனிவு" என்றேன்.

"அது இல்லைங்க" என்று அழ ஆரம்பித்தாள். "எல்லாரும் என் மூஞ்சியவே பாத்தாங்க. அவங்களோட சேந்து நானும் உங்களைப் பாத்துச் சிரிச்சுட்டேன்."

பந்தலில் பட்ட வெட்கமெல்லாம் அப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பிறந்த வீட்டில் தலைநிமிர்ந்து நிற்பதற்கு அவள் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டியிருந்ததே, அதுதான் பெரிதாக இருந்தது.